நாற்பத்தோராம் நாள் வந்த படிகம்

ஜெனிஃபர் பதினொரு ஆண்டுகள் ஒரு புரதத்தோடு வாழ்ந்தார். அதற்கு வாயில் நுழையாத அதிகாரப்பூர்வப் பெயர் ஒன்று உண்டு. குளிர்பெட்டியில் அது இருந்த டப்பாவின் எண்ணை வைத்து ஆய்வகத்தில் எல்லாரும் பதினேழு என்றே அழைத்தார்கள். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் அவர் குடியிருந்த தெருவிலும் அந்தப் பெயர் பரவிவிட்டது. "பதினேழு இப்ப எப்டி கீது?" என்று விசாரிப்பவர்கள், யாரோ படுத்த படுக்கையாகக் கிடக்கும் உறவினர் என்று நினைத்திருக்கலாம். அது முழுத் தவறு என்றும் சொல்ல முடியாது.

யானைக்கால் நோயைத் தரும் புழுவின் உடம்பில் இருக்கும் புரதம் அது. ஜெனிஃபரின் அப்பா ஜெபசிங்குக்கு இடது காலில் யானைக்கால். அந்தக் காலோடுதான் மதுராந்தகத்து நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். அப்பாவின் நோயை வெல்ல மகள் கிளம்பினாள் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். நிறுவனத்தின் ஆண்டு மலரில் அப்படித்தான் எழுதினார்கள். உண்மையில், அவர் வேலையில் சேர்ந்த அன்று அந்தப் புரதம்தான் மீதி இருந்தது. அதோடு நான்கு வருடம் மல்லுக்கட்டிய மாணவர் மென்பொருள் கம்பெனிக்குப் போய்விட்டார். "பொண்ணு புழு ஆபீஸ்ல கீது" என்று மண்டியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஜெபசிங், மகள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் மாரடைப்பில் போனார். புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நிலமில்லாத குடும்பம். தாத்தா அடுத்தவர் வயலில் அறுத்தார், அப்பா அடுத்தவர் மூட்டையைச் சுமந்தார். அம்மாவின் பெயர் பாப்பா. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரை துடைக்கிறார். விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். இந்த வரிசையில் எம்.எஸ்சி. முதல் வகுப்பு என்பது பெரிய தாவல். தாவியவர் போய் நின்ற இடம், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் வேப்ப மரங்களும் அறிவிப்புப் பலகைகளும் சம எண்ணிக்கையில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம். அங்கே அவர் திட்ட உதவியாளர். ஒப்பந்தம், வருடா வருடம் புதுப்பிக்கப்படும். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அங்கே பதினொரு ஆண்டு என்று பொருள்.

நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்க முனைவர் பட்டம் வேண்டும். பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்திருந்தார். கால எல்லை முடிந்து, இரண்டு முறை நீட்டிப்பு வாங்கி, அதுவும் இந்த மார்ச் முப்பத்தொன்றோடு முடிந்தது. மூன்றாவது நீட்டிப்பு விதியில் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடும், அதோடு அச்சில் வந்த ஒரு கட்டுரையும் வேண்டும். கட்டுரைக்குப் பதினேழின் உருவம் வேண்டும். உருவத்துக்குப் படிகம் வேண்டும். எல்லாம் அந்தப் படிகத்தில் வந்து நின்றது.

படிகம் ஏன் என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் குழுப்படம் எடுப்பது போலத்தான். புரத மூலக்கூறுகள் கோடிக்கணக்கில், ஒரே திசை பார்த்து, அசையாமல் வரிசை கட்டி நிற்க வேண்டும். அப்படி நிற்கும் கூட்டத்துக்குப் பெயர் படிகம். அதன் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் புள்ளி புள்ளியாகச் சிதறும். புள்ளிகளிலிருந்து கணக்குப் போட்டு உருவத்தை வரையலாம். பதினேழு, படம் எடுக்கும் நேரத்தில் தலையை ஆட்டும் பிள்ளை. அதன் உடம்பில் பாதி கொழகொழவென்று தொங்கும். எட்டாயிரம் சொட்டுகளில் வைத்துப் பார்த்தாயிற்று. பால் திரிந்தாற்போல் திரிந்ததே தவிர வரிசையில் நிற்கவில்லை.

இப்படிப்பட்ட புரதங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. படிகமாவதையே சுபாவமாகக் கொண்ட வேறொரு புரதத்தை இதோடு ஒட்டிவிடுவது. இரண்டின் மரபணுக்களையும் ஒன்றாகத் தைத்து பாக்டீரியாவிடம் கொடுத்தால், அது வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒரே புரதமாகச் செய்து தரும். பெரியது வரிசையில் நிற்கும்போது, அதன் இடுப்பில் இருக்கும் சின்னதும் வேறு வழியில்லாமல் நிற்கும். ஜெனிஃபர் ஒட்டிய பெரிய புரதம் மாவுச்சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் சாதி. உலகத்தில் பலரும் பலமுறை படிகமாக்கிப் படம் எடுத்துப் போட்டுவிட்ட புரதம் அது. ஆய்வகத்தில் அதற்குப் பெயர் பெருசு.

இரண்டுக்கும் நடுவே சங்கிலி போல ஒரு சின்ன இணைப்பு இருக்கும். ஜெனிஃபர் முதலில் இருபது கண்ணி நீளத்துக்கு இணைப்பு வைத்தார். பதினேழுக்குக் கொஞ்சம் இடம் இருந்தால் நிம்மதியாக மடங்கிக்கொள்ளும் என்று நினைத்தார். நிம்மதியாகத்தான் இருந்தது, கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி எல்லாப் பக்கமும் ஆடியது. வழிகாட்டியான பேராசிரியர் சுப்புராமன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கை குலுக்கினா போதாதும்மா. கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கணும். மூச்சு முட்டணும்."

இருபது பத்தாயிற்று, பத்து ஐந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் மரபணுவை மறுபடி தைத்து, பாக்டீரியாவை மறுபடி வளர்த்து, புரதத்தை மறுபடி பிரித்தெடுக்க ஏழெட்டு மாதம். கடைசியில் மூன்று கண்ணி. அதற்குக் கீழே போக இடமில்லை, அதற்குப் பிறகு போக நாளும் இல்லை.

சொட்டுகள் வைக்கும் அறைக்கு எப்போதும் பதினெட்டு டிகிரி. செங்கல்பட்டு வெயிலில் வாடிப் போனவர்களுக்கு அதைவிடச் சுகமான இடம் கிடையாது, ஆனால் உள்ளே உட்கார அனுமதி இல்லை. அதன் கதவில் சுப்புராமன் கையெழுத்திட்ட விதிகள் ஒட்டியிருந்தன. நாலாவது விதி: முதலில் எடுக்கும் படிகத்தைக் கழுவி, கரைத்து, ஜெல்லில் ஓட்டிப் பார்க்காமல் எந்தப் படிகமும் அறையைவிட்டு வெளியே போகக்கூடாது. ஜெல் என்பது புரதங்களை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் பட்டை. பெருசும் பதினேழும் சேர்ந்தே இருந்தால் எடை எழுபது என்ற இடத்தில் கோடு விழும். பெருசு மட்டும் என்றால் நாற்பத்திரண்டில். எவ்வளவு ஆசையாக வந்த படிகமானாலும் முதலாவதைக் கரைத்தே ஆக வேண்டும். ஆய்வகத்தில் இதை முதல் பலி என்பார்கள்.

பலிக்கு முன்னால் ஒரு சில்லறைப் பரிசோதனையும் உண்டு. அதில் மன்னன் சரவணகுமார். இருபத்தாறு வருடமாக அங்கே தொழில்நுட்ப உதவியாளர், படிப்பு ஐ.டி.ஐ. மெல்லிய ஊசியால் படிகத்தைக் குத்துவார். உப்பாக இருந்தால் 'கடக்' என்று உடையும், ஊசி வழியாகவே விரலுக்குத் தெரியும். புரதமாக இருந்தால் சத்தமில்லாமல் வெண்ணெய்க்கட்டி போல நொறுங்கும். ஜெனிஃபரின் இருபத்துமூன்று படிகங்களில் இருபத்திரண்டைக் குத்திவிட்டு அவர் சொன்னது ஒரே வாசகம்: "உப்பு, ஜெனி. ஊறுகா போட்டுக்க." இருபத்துமூன்றாவது சோப்பு.

இந்த ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து வந்த காலை, சொட்டுகள் வைத்த கடைசித் தட்டைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தார் ஜெனிஃபர். சொட்டு வைத்து நாற்பத்தோராவது நாள். ஓரத்தில் பழுப்பாக ஆடை படிந்திருந்தது. நடுவில் நான்கு படிகங்கள், கற்கண்டு போல விளிம்பு கூராக. பக்கத்தில் ஒரு பொடிப் படிகம்.

"அண்ணாத்த, கொஞ்சம் வாங்க."

"இன்னா, மறுபடியும் ஊறுகாயா?" என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்த சரவணகுமார் குனிந்து பார்த்தார். ஊசியை எடுத்துப் பொடியை மட்டும் குத்தினார்.

"இன்னாண்ணே?"

"சத்தமே இல்ல, ஜெனி." அவர் ஊசியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சத்தம் அதில் ஒட்டிக்கொண்டிருப்பது போல. "வெண்ண மாதிரி போச்சு. போயி சாரக் கூப்ட்டாந்துடு."

சுப்புராமன் வந்தார். ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. இந்தக் கட்டடத்தில் ஒருவர் மூன்றாம் மாடிக்குப் படியேறி ஓடி வந்து பல வருடம் ஆகியிருந்தது. வடக்கே சிங்க்ரோட்ரான் என்னும் பெரிய எக்ஸ் கதிர் நிலையத்தில் அடுத்த வாரம் அவர்களுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அதை விட்டால் ஏப்ரல். ஏப்ரல் என்பது ஜெனிஃபரைப் பொறுத்தவரை இல்லாத மாதம்.

முதல் படிகத்தை நைலான் வளையத்தில் தூக்கிவிட்டு ஜெனிஃபர் நிமிர்ந்தார். வலது பக்கம் கரைக்கும் குழாய், இடது பக்கம் படிகத்தை உறையவைத்து வடக்கே அனுப்பும் திரவ நைட்ரஜன் குடுவை.

"சார், நாலாவது ரூல்."

"தெரியும்மா. எழுதினதே நான்தானே."

"இத கரைச்சிடட்டா?"

அவர் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாலுதான் இருக்கு. அதுல எது நல்லா புள்ளி குடுக்கும்னு யாருக்குத் தெரியும்? நீ கரைக்கிறது அந்த ஒண்ணா இருந்துட்டா?" அப்படியே குனிந்தபடி, "உன் படிகம். நீயே முடிவு பண்ணு" என்றார்.

மேலதிகாரிகள் தங்கள் விதியைத் தாங்களே உடைக்கும்போது இப்படித்தான் ஜனநாயகம் பேசுவார்கள். ஆனாலும் அவரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. உப்பையும் சோப்பையும் இருபத்துமூன்று முறை கண்ணிமைக்காமல் கரைத்த கை ஜெனிஃபருடையது. அந்த விதி எந்த ஒரு நாளுக்காக எழுதப்பட்டதோ அந்த நாள் வந்தபோது, அந்தக் கை இடது பக்கம் போயிற்று. நான்கும் நைட்ரஜனுக்குள் இறங்கின. சரவணகுமார் கதவில் இருந்த தாளை ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே போனார்.

மறு வாரம் குடுவை கூரியரில் போய்ச் சேர்ந்தது. அங்கே இருப்பவர்கள் படிகத்தைப் பொருத்துவார்கள். இங்கே திரையில் பார்க்கலாம். காலை பதினோரு மணிக்கு இரண்டாவது படிகத்திலிருந்து புள்ளிகள் வந்தன. திரை முழுக்க, ஓரம் வரைக்கும், ஒழுங்காக. பத்து வருடமாக அந்த ஆய்வகம் இப்படி ஒரு படத்தைப் பார்த்ததில்லை. சுப்புராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு ஆள் அனுப்பி இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார்.

ஜெனிஃபர் அம்மாவுக்குப் போன் செய்தார். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம்.

"இன்னாடி, பதினேழு சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா."

"இன்னாது? சத்தமா சொல்லு, இங்க மிசினு ஓடிகினு கீது."

"ஆயிடுச்சும்மா! வந்திடுச்சு!"

அந்தப் பக்கம் பாப்பா கூட இருந்தவர்களிடம், "எம்பொண்ணு டாக்டராயிட்டா, ஊசி போடுற டாக்டரு இல்ல, அதுக்கும் மேல" என்று அறிவிப்பது கேட்டது. ஜெனிஃபர் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

படிகம் என்பது ஒரே அளவுள்ள சின்னச் சின்னப் பெட்டிகளின் அடுக்கு. பெட்டியின் நீள அகல உயரத்தைக் கணினி ஏற்கெனவே கணக்கிட்டுத் திரையில் எழுதியிருந்தது. அந்தப் பெட்டிக்குள் புரதம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். புரதப் படிகங்களில் சாதாரணமாகப் பாதி தண்ணீர் இருக்கும். ஐந்து நிமிட வேலை. அவர் விண்ணப்பத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் போட்டார். பெருசும் பதினேழும் சேர்ந்து எழுபது. தண்ணீர் பதினைந்து சதவீதம் வந்தது.

அவ்வளவு வறண்ட படிகம் கிடையாது. தப்பாகப் போட்டிருப்போம் என்று மறுபடி போட்டார். பதினைந்து. பிறகு எழுபதை அடித்துவிட்டு நாற்பத்திரண்டை எழுதினார். நாற்பத்தொன்பது சதவீதம். அழகான, ஆரோக்கியமான, பாடப்புத்தகப் படிகம். பெட்டியில் இரண்டு பேருக்கு இடமே இல்லை.

"இந்தா, ஜெனி, மொத துண்டு உனக்குத்தான்" என்று சரவணகுமார் மைசூர்பாகு டப்பாவை நீட்டினார். ஜெனிஃபர் எடுத்துக்கொண்டார். சாப்பிட்டார். சுப்புராமன் அடுத்த ஆய்வகத்தாரிடம் மூன்று கண்ணி இணைப்பின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். டப்பா இரண்டு மாடி சுற்றிக் காலியாகித் திரும்பும் வரை ஜெனிஃபர் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்திருந்தார். எல்லாரும் போன பிறகு அதை எடுத்துப் போய் பேராசிரியரின் மேசையில் வைத்தார்.

சுப்புராமன் தாளைப் பார்த்தார். பென்சிலை எடுத்து, இருக்க முடியாத தவறு ஒன்றை அதில் தேடினார். தேடி முடித்து, "சில சமயம் நெருக்கமா அடையும்" என்றார்.

"பதினஞ்சா சார்?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

திரும்பி வந்த குடுவையில் கதிர் படாத நாலாவது படிகம் இருந்தது. ஜெனிஃபர் அதைக் கழுவி, கரைத்து, ஜெல்லில் ஓட்டினார். விதிப்படி. நாற்பத்திரண்டில் ஒரு கோடு. எழுபதில் ஒன்றுமே இல்லை. கணினியும் அதையே சொன்னது. பெருசின் பழைய உருவத்தைக் கொடுத்தவுடன் புள்ளிகள் அதில் கச்சிதமாகப் பொருந்தின. பதினொரு ஆண்டுக் காத்திருப்புக்கு விடை பதினொரு நிமிடத்தில் கிடைத்தது, ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த விடை. பெருசின் வால் முடியும் இடத்தில், பதினேழு தொடங்க வேண்டிய இடத்தில், திரை வெறுமையாக இருந்தது.

நடந்தது இதுதான். பாக்டீரியாவிலிருந்து புரதத்தை எடுக்கும்போது, மற்ற புரதங்களை வெட்டும் அதன் புரதம் ஒன்று, வெட்டி என்பார்கள், துளியூண்டு கூடவே வந்துவிட்டது. அந்த நாற்பத்தோரு நாளும் அது பதினேழின் கொழகொழத்த பகுதியை மென்றுகொண்டிருந்தது. சொட்டின் ஓரத்தில் படிந்த பழுப்பு ஆடைதான் பதினேழு. விடுதலை பெற்ற பெருசு தன் சுபாவப்படி தனியாகப் படிகமாகிவிட்டது. மூச்சு முட்டக் கட்டிப் பிடித்ததும் வீணாயிற்று, காத்திருந்ததும் வீணாயிற்று, காத்திருந்ததுதான் கெடுத்தது. முதல் படிகத்தை ஜனவரியிலேயே கரைத்திருந்தால், வெட்டியை வடிகட்டி, புதுச் சொட்டு வைத்து, கதிர் நாளையும் மாற்றிக் கேட்கப் பத்து வாரம் இருந்திருக்கும். குடுவை போய் வந்து, கணினியோடு மல்லாடி, வேறு விளக்கம் இருக்குமா என்று சுப்புராமன் நான்கு பேருக்கு எழுதிப் பதில் வாங்கியபோது பிப்ரவரி முடிந்திருந்தது. ஜெனிஃபர் மிச்சமிருந்த புரதத்தில் வெட்டியைத் தடுக்கும் மருந்தைக் கலந்து ஒரு தட்டு வைத்தார். நான்கு வாரமும் சொட்டுகள் கண்ணாடியாகத் தெளிந்தே இருந்தன.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி அவர் சுப்புராமனிடம் கேட்டார்.

"தோத்ததையே எழுதக் கூடாதா சார்? எந்த இணைப்பு வச்சா என்ன ஆகுதுன்னு எல்லாம் கையில இருக்கு. அடுத்து வர்றவங்களுக்கு உதவும்."

"உதவும். ரொம்ப உதவும்" என்றார் அவர் உண்மையாகவே. "யாரும் அச்சடிக்க மாட்டாங்க."

"அப்ப அடுத்து வர்றவங்க?"

"அவங்களும் இருபது கண்ணியில ஆரம்பிப்பாங்க." சற்று நேரம் பேனாவை உருட்டிவிட்டு, "நான் அன்னைக்கே கரைன்னு சொல்லியிருக்கணும்மா" என்றார்.

"நீங்க என்னைத்தான் முடிவு பண்ணச் சொன்னீங்க சார்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அது ஆறுதலாக இல்லை.

பதிவு ரத்தாயிற்று. திட்டம் முடிந்ததால் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. வீட்டில் பாப்பா ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் வேனுக்குப் போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "கம்பெனில எல்லாரும் டாக்டரம்மா இன்னா பண்றாங்கன்னு கேக்கறாங்கடி. நா இன்னான்னு சொல்லட்டும்?"

"ரெஸ்ட்ல கீறாங்கன்னு சொல்லும்மா."

"பதினேழு?"

"அது போயிடுச்சு."

பாப்பா தலையை ஆட்டிக்கொண்டார். சாவு கேட்டவர் போல வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் வேன் ஏறினார்.

மே மாதம் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையோடு ஒப்பந்தம் உள்ள ஒரு நிறுவனத்தில் ஜெனிஃபருக்கு நீர்ச் சோதனை வேலை கிடைத்தது. செங்கல்பட்டு வந்து மாமல்லபுரம் பஸ், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் இன்னொரு பஸ். கடல் நீர் வடிகட்டிச் சவ்வுகளைக் கடக்கும்போது உப்புகள் படிகமாகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமலிருக்க ஒரு மருந்து கலக்கிறார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று ஒரு மணி நேரத்துக்கொரு முறை மாதிரி எடுத்துப் பார்ப்பது அவர் வேலை. பதினொரு ஆண்டுகள் படிகம் வர வேண்டும் என்று சம்பளம் வாங்கியவருக்கு இப்போது படிகம் வரக்கூடாது என்பதற்குச் சம்பளம். இந்த வேலையில் அவர் இதுவரை ஒரு முறைகூடத் தோற்கவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு பிற்பகல் சரவணகுமார் போன் செய்தார்.

"ஜெனி, சாப்ட்டியா? இங்க ஒரே பேஜாரு. சார் ரூமு காலி பண்ணிட்டாங்க. தட்டு ரூம ஸ்டோருக்குக் குடுக்கறாங்களாம். உன்து கடைசியா வச்ச தட்டு ஒண்ணு கீது."

"கொட்டிடுங்கண்ணே."

"கொட்டத்தான் எடுத்தேன்." அவர் நிறுத்தினார். "ஒண்ணு மின்னுது."

ஆலையின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

"உப்பா இருக்கும்."

"நானும் அப்டித்தான் நெனச்சேன். ஓரத்துல ஒரு பொடி இருந்துச்சு. குத்திப் பாத்துட்டேன்."

ஜெனிஃபர் கேட்பதற்குள் அவராகவே சொன்னார்: "சத்தம் இல்ல."

புரதம்தான். பெருசு மட்டும் மறுபடி தனியாக வந்திருக்கலாம். மருந்து கலந்த தட்டு என்பதால் இரண்டும் சேர்ந்தே வந்திருக்கவும் கூடும். கரைத்து ஜெல்லில் ஓட்டினால் தெரிந்துவிடும். ஜெல் ஓட்டும் கருவியை வேறு துறைக்குக் கொடுத்தாயிற்று, ஓட்டுபவர் நெம்மேலியில் இருக்கிறார், பட்டத்துக்கான பதிவு எங்கேயும் இல்லை.

"எத்தினி படிகம்ணே?"

"ஒண்ணே ஒண்ணு."

"பெருசுதான் வந்திருக்கும். ப்ளீச்ல போட்ருங்க."

"பாக்க வேணாமா, ஜெனி? எவனையாவது கேட்டு..."

"பாத்து?"

போனை வைக்காமலே சரவணகுமார் தட்டை ப்ளீச் தொட்டிக்குள் இறக்கும் சத்தம் கேட்டது. "போட்டேன்" என்றார். "கதவுல சாரு தாளு ஒண்ணு ஒட்டிகினு கீது, அத்த இன்னா பண்றது?"

"அது அப்டியே இருக்கட்டும்ணே."

மணி மூன்றாகியிருந்தது. ஜெனிஃபர் குழாயைத் திறந்து மாதிரி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதிவேட்டில் மூன்று மணிக்கான கட்டத்தில் எழுதினார்: படிவு இல்லை.